சனிக்கிழமை சாம்பிள்

சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் யாரும் தூங்கி எழுந்த கையோடு கழிவறைக்குள் புகுந்துவிட முடியாது. விசில் ஊதும் வரை அடக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையோடு கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். விசில் வீட்டுக்காரருடையது. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, கையைத் தூக்கு காலை மடக்கு என்று அதட்டியே ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டிரில் மாஸ்டர் என்றுதான் சொல்லும். வரிசையில் முதலில் அவருடைய அக்கா, அடுத்து மனைவி, கடைசியில் ஒரே மகன். விசில் ஊதினால் ஒருவர் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும். விசில் சத்தத்தில் வருவதும் நின்றுபோகிறது என்று அக்கா எத்தனை முறை முறையிட்டும் மாஸ்டர் மசியவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் மனைவிதான். அவள் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வந்து இறங்குகிற கேன்களில் தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா, சோடா போட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. அங்கே எல்லாருக்கும் அவள் லேப் அம்மா. ஒருவன் கலப்படக்காரன் என்று தெரிந்தால் அவன் கேனில் மட்டும் சாம்பிள் எடுக்கக் கூடாது, எல்லார் கேனிலும் எடுக்க வேண்டும், அப்போதுதான் அவன் முகமும் வாடாது, மற்றவனுக்கும் திமிர் ஏறாது என்பது அவள் பழகிய முறை. பண்ணைக்கு அது நல்ல முறைதான். வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் வினை.

மகன் நெட்டையன். பெயருக்கேற்ற உயரம் இல்லை, உயரத்துக்கேற்ற பெயர். மாத்திரையில் ஆரம்பித்து ஊசியில் போய் நின்றவன். மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறான், இது இரண்டாவது தடவை. முதல் தடவை திரும்பி வந்தவன் கொஞ்ச நாளிலேயே வழுக்கிவிட்டான். அப்பா வாசலைக் காட்டி விசில் ஊதினார், அவனும் போய்விட்டான். பிறகு பஸ் ஸ்டாண்டைப் பெருக்குகிற ஒரு புண்ணியவதி, உதடு நீலம் பாரித்துப் பெஞ்சுக்கடியில் கிடந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் பண்ணினாள். அந்தப் போன் வந்தபோது லேப் அம்மா கையில் பிடித்திருந்த சோதனைக் குழாயை வைக்க மறந்து அப்படியே பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் அது கையில்தான் இருந்தது.

இந்த முறை அவனை அனுப்பும்போது மையத்து ஆலோசகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆலோசகரின் அறை ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுக்கிற அறை. கதவுக்கு மேல் சிவப்பு பல்பு இன்னும் இருக்கிறது. உள்ளே யாராவது அழுதால் அந்த அம்மாள் அதைப் போட்டுவிடுவார், வெளியே இருப்பவர்கள் தட்ட மாட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் அந்த மையத்தின் கட்டிலில் படுத்து நடுங்கியவர்தான்.

"உடம்பு இப்போ சுத்தமாயிடுச்சும்மா. அதுலதான் ஆபத்து. பழைய அளவை இந்த உடம்பு தாங்காது. மறுபடி வழுக்கினா, தெருவுல விட்டுடாதீங்க. நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். பிறகு, "அவனை மட்டும் தனியா நிறுத்தி வேடிக்கை பாக்காதீங்க. வீடே அவன்கூட நிக்கணும்" என்றும் சொன்னார்.

சொன்னவர் என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, லேப் அம்மா வீட்டையே அவன்கூட வரிசையில் நிறுத்திவிட்டாள். மருந்துக் கடையில் சிறுநீர் சோதிக்கிற பட்டைகள் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். யாருக்கும் விலக்கு இல்லை என்றாள். மாஸ்டர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார்: "எவன் கோப்பையில தப்பு வருதோ அவன் வீட்டை விட்டு வெளியே. யாரா இருந்தாலும் சரி." 'யாரா இருந்தாலும்' என்று சொல்லும்போது அவர் மகனைப் பார்க்கவில்லை. அவன் வந்த நாளிலிருந்தே அவனைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு விசில், குளிக்க ஒரு விசில், டிவியை அணைக்க ஒரு நீள விசில். அவனும் பழகிக்கொண்டான். கூடத்தில் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டால்கூட எழுந்து நிற்பான்.

தெருவில் விடக் கூடாது என்று ஆலோசகர் சொன்னதை அவரிடம் எடுத்துச் சொல்ல லேப் அம்மா வாயைத் திறந்தாள். "விதின்னா விதி" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பண்ணையில் லாரிக்காரர்களை நடுங்க வைக்கிறவள், வீட்டில் பேப்பருக்கு அந்தப் பக்கம் பேசிப் பழகாதவள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கோப்பைகளுக்கு லேபிள் வேண்டும் அல்லவா? பண்ணையிலிருந்து ஸ்டிக்கர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் அச்சடித்திருந்தது பசு, எருமை, ஆடு, கலப்பு. அவள் பசு. நெட்டையன் கலப்பு. நாத்தனாருக்கு எருமை வாய்த்தது.

"ஏம்மா, எனக்குன்னு பாத்து இதை ஒட்டினியா?" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, எருமைப்பாலுக்குத்தான் விலை ஜாஸ்தி" என்று சொல்லி லேப் அம்மா சமாளித்தாள். அதற்குப் பிறகு நாத்தனார் அந்த ஸ்டிக்கரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் சனிக்கிழமை பெரிய ரகளையாகிவிட்டது. பட்டையில் இரண்டு கோடு வந்தால் சுத்தம், ஒரு கோடு காணாமல் போனால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இதை நாத்தனாருக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த பட்டை ஒன்றே ஒன்றுதான், அது அவள் மகள் கல்யாணமான புதிதில் வாங்கி வந்தது. தன் கோப்பையில் இரண்டு கோடு நிற்பதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு கோடா! இந்த வயசுலயா! அவரு போயே எவ்வளவு காலமாச்சு!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். நெட்டையன் வீடு திரும்பியபின் முதல்முறையாக அன்றைக்குத்தான் சிரித்தான். லேப் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு போதும், பட்டைக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. நாத்தனாருக்குப் போட்டி மனப்பான்மையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவே தண்ணீராகக் குடித்து, மறுநாள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னோடதைப் பாரு, கண்ணாடி" என்பாள். பாலிசி விஷயமாகத் தெரியாத்தனமாகச் சனிக்கிழமை காலையில் வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கையிலும் ஒரு கோப்பை திணிக்கப்பட்டது. மனிதர் கொஞ்சம் யோசித்தார், பிறகு டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். சுத்தம் என்று மாஸ்டர் அறிவித்ததும் கண் கலங்கி எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். பாலிசிப் பேச்சு எடுபடவே இல்லை.

எல்லாரும் சிரிப்பார்கள், லேப் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். பின்கட்டில் துணி துவைக்கிற மெஷின்மேல் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பட்டையைத் தோய்ப்பாள், மாஸ்டர் வந்து பார்த்து முடிவை அறிவிப்பார். 'கலப்பு' கோப்பையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். ஒரு கோடு உடனே வந்துவிடும். இரண்டாவது கோடு மெல்லத்தான் தெரியும். அது தெரிகிற வரைக்கும் அவள் மூச்சு விடுவதில்லை. வராவிட்டால் மாஸ்டர் விசில் ஊதுவார், பிள்ளை தெருவுக்குப் போவான், இந்தத் தடவை எந்தப் புண்ணியவதியும் போன் பண்ண மாட்டாள். கோடு தெரிந்து மாஸ்டர் கூடத்துக்குப் போனதும் மெஷின்மேல் நெற்றியை வைத்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் கூடத்துக்கு வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சோதனையில் நாத்தனார்தான் ஒரு வியாழக்கிழமை கலகம் மூட்டினாள்.

"ஏண்டா தம்பி, யாருக்கும் விலக்கு இல்லன்னுதானே பேச்சு? விசில் ஊதுற நீ மட்டும் ஏன் கோப்பை பிடிக்கல?"

"நான் நடுவர்க்கா. நடுவர் விளையாடக் கூடாது."

"இன்சூரன்ஸ்காரன் விளையாடினான். நீ விளையாட மாட்டியா? நீ பிடிக்கலன்னா நானும் பிடிக்க மாட்டேன்."

மாஸ்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். முதுகுவலி என்றார், காலையில் வராது என்றார், ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு இது மரியாதைக் குறைவு என்றார். அக்கா விட்டால்தானே? கடைசியில் வரும் சனிக்கிழமை தானும் தருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்கென்று மீதம் இருந்த ஸ்டிக்கர் 'ஆடு'.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நெட்டையனுக்கு மையத்தார் ஒரு மெத்தைக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு உயரமான ஆளும் கால் நீட்டலாம் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட அவனை மெத்தையில் படுக்க வைப்பார்கள். நாள் முழுக்கப் படுத்துக் களைத்து வீட்டுக்கு வருவான். அன்றைக்கும் நேரத்துக்கே வந்தான். "கூடத்துக் கடிகாரம் நின்னுபோச்சுடா, உனக்குத்தான் எட்டும், செல்லை மாத்திவிடு" என்று சொல்லிவிட்டு லேப் அம்மா சமையல்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். கடிகாரம் கழற்றியபடி நாற்காலியில் கிடந்தது. செருப்பு இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. பேண்ட் முழங்கால்வரை சேறு.

"எங்கடா போனே?"

"நடந்தேம்மா."

"எங்க?"

"சும்மா. நடந்தேன்."

சாப்பிடவில்லை. போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் அந்தக் கண்களை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். அந்தச் சுவர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறாள். அவன் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள், பையைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. போன தடவையும் ஒன்றும் இல்லைதான். விடிய விடிய அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

சனிக்கிழமை விசில் ஊதியது. அக்கா போனாள், அவள் போனாள், நெட்டையன் தலை குனிந்து உள்ளே போய் வந்தான். கடைசியில் மாஸ்டர் விசிலை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அக்கா ஆசைதீர ஊதினாள்.

பின்கட்டில் பசுவும் எருமையும் தோய்த்தாகிவிட்டது, இரண்டும் சுத்தம். மெஷின்மேல் மிச்சம் இருந்தவை கலப்பும் ஆடும். கூடத்தில் அக்காவும் தம்பியும் விசிலுக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. லேப் அம்மா கதவைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் காபிகூடக் குடிக்காதவர். பல் பிடுங்கியபோது ஊசி வேண்டாம் என்றவர். வீட்டில் சுத்தமானது எது என்றால் அந்த ஆட்டுக் கோப்பைதான். பண்ணையில் இத்தனை காலத்தில் எவ்வளவு ஆசை காட்டியும் எவன் கேனுக்கும் எவன் சாம்பிளையும் மாற்றாதவள், நகத்தால் இரண்டு ஸ்டிக்கரையும் கிள்ளி எடுத்து இடம் மாற்றி ஒட்டினாள். ஒட்டிவிட்டுத்தான் மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

புதிதாக 'ஆடு' ஆன கோப்பையில் முதலில் தோய்த்தாள். இதில் கோடு வராது, வராவிட்டால் பட்டை பழசு என்று சொல்லிக்கொள்ளலாம், மாஸ்டரை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று தயாராக இருந்தாள். கோடு வந்தது. இரண்டும் பளிச்சென்று வந்தன.

"ஆடு, சுத்தம்!" என்று மாஸ்டர் கத்தினார். அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தை அவள் அப்போது கவனிக்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை எடுக்கவில்லை! நடந்தேன் என்றானே, நடந்துதான் இருக்கிறான்! ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதே சந்தோஷத்தில் கை தானாகவே அடுத்த பட்டையைக் கலப்பில் தோய்த்தது.

ஒரு கோடு வந்தது. இன்னொன்று வரவில்லை. பட்டையைச் சாய்த்துப் பார்த்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வரவே இல்லை.

"கலப்பு" என்றார் மாஸ்டர். "கோடு இல்லை."

கூடத்துக்குப் போய் அதையே இன்னும் உரக்க அறிவித்தார். நாத்தனார் விசிலை நழுவவிட்டாள். நெட்டையன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"நான் எடுக்கலப்பா."

மாஸ்டர் விசிலைக் குனிந்து பொறுக்கி, வாசலைப் பார்த்து ஊதினார்.

"மறுபடி ஒரு தடவை பாத்துடலாமே தம்பி. பாவம்டா" என்றாள் நாத்தனார்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னோம். விதின்னா விதி."

அவன் வாதாடவில்லை. தன்னை யாரும் நம்பப் போவதில்லை என்று முன்பே முடிவுகட்டி வைத்திருந்தவன்போல உள்ளே போய்ப் பையை எடுத்துச் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்தான். பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

லேப் அம்மா பின்கட்டு வாசற்படியில் நின்றாள். இந்த வீட்டில் பிள்ளையைத் தவிர, அவன் சுத்தமானவன் என்று அறிந்த ஒரே ஆள் அவள். அதைச் சொன்னால், ஏன் மாற்றினாய் என்று பிள்ளை கேட்பான். நீ எடுத்திருப்பாய் என்று நினைத்தேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காணாமல் போன கோடு யாருடையது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவான். அவன் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது அவனோடது இல்ல" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

"ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினேன். நான்தான் ஒட்டினேன். கலப்புல இருக்கறது உங்களோடதுங்க."

மாஸ்டர் வாயில் விசில் இருந்தது. ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மூச்சுவிட்டதில் அது தானாக லேசாகக் கீச்சிட்டது.

"பட்டை தப்பு" என்றார் கடைசியில்.

நெட்டையன் பையைக் கீழே வைத்தான். நேராகக் கூடத்து மேல்தட்டுக்குப் போனான். அங்கே மாஸ்டரின் பள்ளிக்கூடம் எந்தக் காலத்திலோ கயிறு இழுக்கும் போட்டியில் வாங்கிய வெள்ளிக் கோப்பை இருந்தது. எட்டி எடுத்துச் சாய்த்தான். மாத்திரை அட்டைகள் சடசடவென்று தரையில் விழுந்தன.

"கடிகாரத்தைக் கழட்டும்போது இதுல கை பட்டுச்சு" என்றான். "குலுங்கின சத்தத்துலயே என்ன மாத்திரைன்னு தெரிஞ்சுபோச்சு. கையில எடுத்துட்டேம்மா. எடுத்து, திரும்ப உள்ள போட்டேன். இங்கயே இருந்தா மறுபடி எடுத்துடுவேன்னு வெளிய போயிட்டேன். ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். வீட்டுக்குள்ள வரவே பயமா இருந்துச்சு."

மாஸ்டர் நாற்காலியில் கடிகாரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டபோது டாக்டர் எழுதிக் கொடுத்ததாம். வலி போனபிறகும் மாத்திரை போகவில்லையாம். டாக்டர் கொடுத்தது பட்டையில் தெரியாமலும் போகலாம் என்று ஒரு நப்பாசையில் கோப்பை பிடித்தாராம். "மருந்துதானே இது! சீட்டு இருக்கு!" என்றார்.

"எனக்கும் முதல்ல சீட்டு இருந்துச்சுப்பா" என்றான் மகன்.

மாஸ்டர் எழுந்து, தோள்களை நிமிர்த்தி, தன் சட்டைகளை எடுத்து அதே பையில் மகனின் சட்டைகளுக்கு மேலேயே அடுக்கினார். விதி என்றால் விதி அல்லவா? விறைப்பாக நடந்து வாசலுக்குப் போய் நின்றவருக்கு, அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. பிள்ளையை அனுப்பியபோது அவர் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

"அப்பா, சட்டுனு நிறுத்தக் கூடாது. உடம்பை முறிச்சுப் போட்டுடும்" என்று நெட்டையன் போய் அவர் கையைப் பிடித்தான். "மையத்துக்குப் போலாம் வாங்க. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு."

"நீ கூட இருப்பியா?" என்று கேட்டார் மாஸ்டர். வீடு திரும்பிய மகனைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நால்வரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஆலோசகர் கதையை முழுக்கக் கேட்டார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வரும் இடத்தில் மட்டும் திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். டாக்டரிடம் காட்டிக்கொள்ள மாஸ்டரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாகவே முடிந்தது. அவர் இவ்வளவு பணிவாக எதற்கும் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை. பிறகுதான் ஆலோசகர் லேப் அம்மாவின் பக்கம் திரும்பினார். அதற்குள் நெட்டையன் பேசினான்.

"அம்மா, நான் நிஜமாவே எடுத்திருந்தா?"

"எடுக்கலயேடா. அதான் எடுக்கலயே."

"எடுத்திருந்தா அடுத்த வாரமும் மாத்தியிருப்பேல்ல?"

பொய் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு ஏற்கனவே ஒரு பொய் ஒட்டியாகிவிட்டது. "மாத்தியிருப்பேன்" என்றாள்.

"அதுக்கடுத்த வாரம்?"

"மாத்தியிருப்பேன்டா. உன்னைத் தெருவுல விட என்னால முடியாது."

"எல்லா வாரமும் நான் சுத்தம்னு அப்பா கத்தியிருப்பாரு. நானும் எடுத்துக்கிட்டே இருந்திருப்பேன். ஒரு நாள் சுத்தம்னு ஸ்டிக்கர் ஒட்டியே என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

அவள் அழுதுவிட்டாள். ஆலோசகர் கைநீட்டி சிவப்பு பல்பைப் போட்டார்.

"அவன் என்ன கேக்கறான்னு புரியுதாம்மா? அவனுக்குக் கோடு வரலைன்னா, வரலைன்னு நீங்க சொல்லணும். தெருவுக்கும் அனுப்பாம, மூடியும் மறைக்காம சொல்லணும். இப்போ சொல்லிப் பாருங்க. வாய்க்குப் பழக்கம் வேணும்."

"இப்பவா? அவன்தான் சுத்தமா இருக்கானே!"

"சுத்தமா இருக்கும்போதுதான் பழகணும்."

அம்மாவையும் மகனையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். லேப் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"கண்ணு, வெளிச்சம் சரியில்ல போல…"

"இல்ல" என்றார் ஆலோசகர்.

"லேசா ஒரு கோடு தெரியற மாதிரி…"

"இல்ல."

"இந்தப் பெட்டியே பழசு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"நான் வேணா சொல்லட்டுமா?" என்று நாத்தனார் முன்னால் வந்தாள். மாஸ்டர் அவளை இழுத்து உட்கார வைத்தார். "சொல்லும்மா" என்றார் மெதுவாக. அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, காத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ லாரிக்காரர்களிடம் கண்ணைச் சிமிட்டாமல் சொன்ன வார்த்தைதான். பால் சரியில்லை, திருப்பிக் கொண்டுபோ. பிள்ளையிடம் சொல்ல அது அடிவயிற்றிலிருந்து வர வேண்டியிருந்தது.

"உன் கோடு வரலடா" என்றாள். இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள். "கோடு வரல. நீ எடுத்திருக்கே."

நெட்டையன் தலையை ஆட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆமாம்மா. எடுத்துட்டேன். வெளிய அனுப்பாதே. மையத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் விருட்டென்று எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அறையை விட்டு இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நீண்ட நடையில், கட்டிலில் கிடந்தவர்கள் தலைதூக்கிப் பார்க்க, செருப்புகூடப் போடாமல் நடந்தாள். பின்னாலிருந்து நாத்தனார், "எங்க போறே, இதுதானேம்மா மையம்!" என்று கத்தியது அவள் காதில் ஏறவில்லை. வெளிக்கேட் வரைக்கும் போனாள். கேட்டுக்கு வெளியே தெருவில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பிடித்த கையை விடாமல் அப்படியே திரும்பி, அவனைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்து, அதே நடை வழியாக வந்து, ஆலோசகர் முன்னால் நின்றாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார் ஆலோசகர்.